செண்பகம் ஏன் செத்தாள்?

"முடிவு மட்டும் வரமாட்டேங்குது டீச்சர்," என்றாள் சங்கரேஸ்வரி.

நாச்சியார் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மொதல்ல ரயில்ல அடிபட்டுச் செத்தா. அது ஒட்டலை. அப்புறம் பாம்பு கடிச்சுச் செத்தா. அதுவும் ஒட்டலை. இப்போ கிணத்துல விழுந்து கெடக்கா."

"யாரு?"

"செண்பகம் டீச்சர். கதையில வர்ற பொண்ணு."

டீச்சர் பேனாவை மூடிவைத்தார்.

அவர் அந்தப் பள்ளிக்குத் தமிழ் நடத்த வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு மாணவிகளோடு கோகோ ஆடுகிற வயசுதான். ஆனாலும் பிளஸ் டூ பிள்ளைகள் அவரிடம் தேவையில்லாமல் பேசமாட்டார்கள். கேட்டதற்கு மட்டும்தான் அவரிடமிருந்து பதில் வரும். சில சமயம் அதுவும் வராது.

வெள்ளிக்கிழமைக்குள் கதையைக் கொடுக்க வேண்டும். மாவட்டப் போட்டி. பள்ளிக்கு ஒரு கதைதான். சங்கரேஸ்வரி என்று பிரேயரிலேயே பேர் வாசித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தால் கதை ஞாபகம். கதையை எடுத்தால் பரீட்சை பயம். பிசிக்ஸ் ரெக்கார்டு எழுதவில்லை. கணக்கு வகுப்பில் உடம்பு மட்டும் உட்கார்ந்திருந்தது.

"படிக்கவும் பிடிக்கலை, எழுதவும் வரலை டீச்சர். எங்கயாவது எந்திரிச்சு ஓடிரலாம்போல இருக்கு."

டீச்சர் கையை நீட்டினார். அவள் கதையைக் கொடுத்தாள்.

செண்பகம் நன்றாகப் படிக்கிற பெண். அவள் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுகிறாள். செண்பகத்தின் படிப்பு நிற்கிறது. அழுகிறாள். மறுபடி அழுகிறாள். கடைசியில் கிணறு.

டீச்சர் வாசித்து முடித்தார்.

"செண்பகம் ஏன் செத்தா?"

"கதை முடியணும்ல டீச்சர். சோகமா முடிச்சாத்தான் பரிசு வரும்னு போன வருஷம் எழுதின அக்காமாரெல்லாம் சொல்றாங்க."

"மாரிக்கனி எப்படி இருக்கா?"



மாரிக்கனி வகுப்பில் சங்கரேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் நின்றுவிட்டாள். அவள் அம்மாவுக்குத்தான் இடுப்பு முறிந்தது.

"பேரை மாத்திட்டேனே டீச்சர்."

"எனக்குத் தெரியுது. உனக்கும் தெரியுது. அவளுக்கு மட்டும்தான் தெரியாது."

கதையைத் திருப்பிக் கொடுத்தார். "அவகிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வா."

"முடிவு?"

டீச்சர் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவள் போகவில்லை. தலைவலி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுநாள் மழை வருகிற மாதிரி இருந்தது. மழை வரவில்லை, அவளும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து கிணற்றை அடித்துவிட்டு மறுபடி ரயிலை எழுதினாள். ரயிலையும் அடித்துவிட்டுத் திரும்பக் கிணற்றையே எழுதினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்க விடுறீங்களா?" என்று கத்தினாள். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், பஸ் மாரிக்கனி ஊர் வேப்பமரத்து ஸ்டாப்பில் நின்றபோது சட்டென்று எழுந்து இறங்கிவிட்டாள். யோசித்திருந்தால் இறங்கியிருக்கமாட்டாள்.

மாரிக்கனி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நைட்டிமேல் துண்டு. ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏ, வழி தவறிட்டியா?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"உள்ள வா. அம்மா, யாரு வந்திருக்கான்னு பாரு."

கட்டிலில் படுத்திருந்த அம்மா கையைத் தூக்கி, "வாம்மா" என்றாள்.

சங்கரேஸ்வரி உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். கடைசியில் பையைத் திறந்து கதையை எடுத்தாள்.

"ஒரு கதை எழுதியிருக்கேன். டீச்சர் உன்கிட்ட வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க."

"எனக்கா? வாசி."

வாசிக்க ஆரம்பித்ததும் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. செண்பகத்தின் அம்மா விழுகிற இடத்தில் வெங்காயம் உரிக்கிற கை நின்றது. செண்பகம் அடுப்படியில் தேம்பி அழுகிற இடத்தில் மாரிக்கனி குபுக்கென்று சிரித்துவிட்டாள். "வாசி, வாசி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிணறு வந்தது. சங்கரேஸ்வரி அதைக் குரலைத் தாழ்த்தி வாசித்து முடித்தாள்.

கட்டிலிலிருந்து அம்மாதான் கேட்டாள்: "இந்த ஊர்ல எந்தக் கிணத்துலம்மா தண்ணி கெடக்கு?"

மாரிக்கனி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"என்னைய எதுக்குடி கொன்ன?"

"அது நீ இல்ல. செண்பகம்."

"எதுக்குக் கொன்ன?"

"கதைக்கு ஒரு முடிவு வேணும்ல."

"நான் இன்னும் உலையே வைக்கல. அதுக்குள்ள என்னடி முடிவு?"

சங்கரேஸ்வரிக்கு முகம் சூடாகிவிட்டது. காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தெனமும் உன் பஸ்ஸு இந்த வழியாத்தான் போகுது," என்றாள் மாரிக்கனி. "தம்பியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு வாசல்லதான் நிப்பேன். நீ ஜன்னலோரத்துல குனிஞ்சு என்னமோ எழுதிக்கிட்டே போவ. படிக்கிறான்னு நெனச்சேன்." வெங்காயத் தோலை ஊதித் தள்ளினாள். "என்னையத்தான் எழுதியிருக்க."

அதில் கோபம் இருந்ததா என்று சங்கரேஸ்வரிக்குப் பிடிபடவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சிரு புள்ள."

"அத விடு. கணக்குல இப்ப எந்தப் பாடம் நடக்குது?"

"தொகை நுண்கணிதம்."

"நான் முதல் பயிற்சிய நானாப் போட்டுப் பாத்தேன். பாதியில முட்டிக்கிட்டு நிக்குது. எல்லை குடுத்தா என்ன செய்யணும்?"

 

"எனக்கும் தெரியலை. கவனிக்கலை."

மாரிக்கனி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க உட்காந்துக்கிட்டேவா?"

வீட்டுக்கு நடந்தே போனாள். அடுத்த பஸ் வரும்வரை நிற்க மனசு ஒப்பவில்லை.

மறுநாள் கணக்கு வகுப்பில் அவள் முதல் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். எல்லை கொடுத்தால் என்ன செய்வது என்று எழுந்து கேட்டாள். கணக்கு டீச்சர் சொன்னார். புரியவில்லை. மறுபடி கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "போன வாரமே நடத்திட்டேனே, எங்க இருந்த?" என்றார் டீச்சர்.

"இங்கதான் டீச்சர் இருந்தேன். இன்னொரு தடவை சொல்லுங்க."

புரிகிறவரை அவள் உட்காரவில்லை.

கடைசி மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளை, ஆபீஸ் ரூமுக்கு முன்னால் நாச்சியார் டீச்சர் மறித்தார். கையில் போட்டிக்கான கவர் இருந்தது. இன்னும் ஒட்டவில்லை.

"கதை?"

"இல்ல டீச்சர்."

"வாசிச்சுக் காட்டுனியா?"

"காட்டுனேன்."

"முடிவு?"

"கடைசிப் பக்கத்தக் கிழிச்சுட்டேன். மிச்சத்தையும் வாசிச்சுப் பாத்தேன், எல்லாம் தப்பா இருக்கு. செண்பகம் ஒரு இடத்துலகூடச் சிரிக்கலை டீச்சர். நான் வாசிக்கும்போதே மாரிக்கனி சிரிச்சா."

டீச்சர் கவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். உட்காந்து எழுதுறியா? நான் இருக்கேன்."

சங்கரேஸ்வரியின் கண் வாசலுக்குப் போனது. வெளியே பஸ் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு நாள் எழுதுறேன் டீச்சர்."

"பேரெல்லாம் வாசிச்சாச்சு. எச்.எம். கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியலை டீச்சர்." அவள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "மாரிக்கனிக்கு ஒரு கணக்கு பாதியில நிக்குது."

டீச்சர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.