அழுங்கு செய்த தவம்

மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு காட்டாறு சமவெளியைத் தொடுகிற இடத்தில் அடர்ந்த காடு ஒன்று இருந்தது. அங்கே யானை இருந்தது, சிறுத்தை இருந்தது. அவற்றைப் பற்றிப் பேசத்தான் ஊரில் எல்லாரும் இருக்கிறார்களே! நாம் அழுங்கைப் பற்றிப் பேசுவோம்.

அழுங்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எறும்புத்தின்னி என்றும் அதைச் சொல்வார்கள். தலை முதல் வால் வரை ஓடு வேய்ந்த மாதிரி செதில். வாயில் பல் கிடையாது, நாக்கு மட்டும் நீளம். யாராவது துரத்தினால் வேகமாக ஓட வராது, திருப்பிக் கடிக்கவும் வராது. தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மேலே மூடிக்கொண்டு, பந்தாகச் சுருண்டுவிடும். அப்புறம் புலியே வந்தாலும் பிரிக்க முடியாது.

நம் கதையில் வரும் அழுங்கின் பெயர் சுருளாயி. அவளுக்கு அரும்பு என்று ஒரே ஒரு மகள். அழுங்குக் குட்டிகள் தாயின் வால்மேல் ஏறிக்கொண்டுதான் ஊர் சுற்றும். அரும்பும் அப்படித்தான், வால் கிடைத்தால் போதும், கெட்டியாகப் பிடித்து ஏறிவிடுவாள்.

சுருளாயிக்குச் சத்தம் என்றால் ஆகாது. காய்ந்த தேக்கிலை விழுந்தால் சுருளுவாள். இருவாச்சிப் பறவை சிறகடித்தால் சுருளுவாள். ஒருமுறை தன்னுடைய தும்மலைக் கேட்டே சுருண்டுவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பயந்தாங்கொள்ளி என்று காடே அவளைக் கேலி செய்தது.

ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போகிற தடத்தில் சிறுத்தை வந்துவிட்டது. முயல் ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம், முள்ளம்பன்றி ஒரு பக்கம் என்று எல்லாரும் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். சுருளாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரும்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தடத்தின் நடுவிலேயே சுருண்டுவிட்டாள். சிறுத்தை காலால் உருட்டிப் பார்த்தது, மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது. ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டது.

இதையெல்லாம் புதரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் கீரி வயிரவன். யாரையாவது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. சுருளாயி மெல்லத் தலையை நீட்டியதும் ஓடிவந்து அவள் காலில் விழுந்தான்.

"தாயே, சிறுத்தை நக்கியும் அசையலையே! உள்ளே என்ன கண்டீங்க?"

சுருளாயி விழித்தாள். உண்மையைச் சொன்னாள்: "இருட்டா இருந்துச்சு. டொக், டொக்குன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு."

வயிரவனுக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. இருட்டுக்குள் ஒலி கேட்டதாம், இது பெரிய தவம் செய்தவர்களுக்குத்தான் கேட்கும் என்று அவனாகவே முடிவு கட்டினான். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கச் சொல்லியும் முடித்தான். சுருளாயி சுருளுவது பயத்தால் இல்லை, அது தியானம், அவள் தன்னைத் தானே அறிந்தவள்!

நேற்று வரை பயந்தாங்கொள்ளி என்று சிரித்தவர்கள் இன்று தாயே, அம்மா என்று கும்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? முதலில் சுருளாயிக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் குரங்கு கறையான் அரித்த கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து காணிக்கை வைத்தது. முள்ளம்பன்றி வழிவிட்டு ஒதுங்கி நின்றது. கேட்கக் கேட்க அவளுக்கும் அது நிஜம் என்றே தோன்றிவிட்டது.

அதன் பிறகு ஆற்றங்கரையில் பெரிய மருதமரத்தின் கீழே மாலைதோறும் வகுப்பு நடந்தது. உன்னை நீ அறிய வேண்டுமானால் உள்ளே பார், உள்ளே பார்க்க வேண்டுமானால் சுருண்டு படு. இதுதான் பாடம். வயிரவன்தான் மேற்பார்வை. மூக்கை வாலோடு சேர்க்கப் பார்த்துக் குரங்குக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முள்ளம்பன்றி சுருளப் போய்த் தன் முள்ளாலேயே தன்னைக் குத்திக்கொண்டது. முயல் சுருண்ட மறுகணமே குறட்டை விட்டது. ஆளுக்கொரு வலி, ஆனாலும் ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

சுருளாயி இப்போது எதற்கெடுத்தாலும் சுருளத் தொடங்கினாள். வளைக்காக முயலும் முள்ளம்பன்றியும் சண்டை போட்டுக்கொண்டு நியாயம் கேட்டு வந்தால் சுருளுவாள். மழை வருமா, புதரை மாற்றலாமா என்று யாராவது யோசனை கேட்டால் சுருளுவாள்.

ஒரு நாள் அரும்பு கேட்டாள்: "அம்மா, அப்பா எங்கே?"

அரும்பின் அப்பா போன கோடையில் இரை தேடிப் போனவர், திரும்பவே இல்லை. கேள்வி காதில் விழுந்ததும் சுருளாயி பந்தாகிவிட்டாள். அரும்பு அம்மாவின் செதிலைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அம்மா தியானத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதே என்று வயிரவன் அவளை விரட்டினான். பாவம் குழந்தை, அதற்கப்புறம் கேட்பதையே விட்டுவிட்டது. வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் தனியாக ஆற்று மணலில் இறங்கி, எறும்பு தோண்டிக்கொண்டு கிடந்தது.

அந்த ஆற்றங்கரையில் பூரணி என்று ஓர் ஆமை இருந்தாள். சுருளாயியின் வயதுதான் அவளுக்கும். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள், ஆனால் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு நாள் சுருளாயியும் அவளும் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. சுருளாயி சுருண்டாள். பூரணி ஓட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் தலையை நீட்டினார்கள்.

"அடியாத்தீ, நல்லா பயந்துட்டேன் மதினி," என்று பூரணி சிரித்தாள்.

"நான் பயப்படலையே. தியானத்துல இருந்தேன்," என்றாள் சுருளாயி.

பூரணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும்தான் உள்ளே போறேன் மதினி. ஆனா எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும். அது தெரியறதாலதான் எப்ப வெளியே வரணும்னும் தெரியுது. நீ எதுக்குப் போறே?"

சுருளாயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காடே கும்பிடுகிறது, இவள் என்ன கேள்வி கேட்கிறாள்! நறுக்கென்று பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? சுருண்டுவிட்டாள். பூரணி சற்று நேரம் காத்திருந்தாள், பிறகு புல் மேயப் போய்விட்டாள்.

ஐப்பசி பிறந்தது. மலைமேல் கருமேகம் கட்டியிருந்தது, கீழே காட்டில் ஒரு சொட்டு இல்லை. அன்று மாலை வழக்கம்போல் மருதமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். அரும்பு வழக்கம்போல் ஆற்று மணலுக்கு இறங்கினாள். ஆற்றின் நடுவில் பழைய மரக்கட்டை ஒன்று கிடந்தது, அதில் நல்ல கொழுத்த எறும்பு. அதன்மேல் ஏறி உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது மலைப் பக்கமிருந்து 'ஹோ'வென்று ஓர் இரைச்சல் கேட்டது. ஈரக் காற்று ஒன்று முன்னால் ஓடி வந்தது. மேட்டிலிருந்து பூரணி, காட்டாற்று வெள்ளம் வருகிறது, மேலே ஏறுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வயிரவனோ ஒருவரையும் எழ விடவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது, இதுதான் நமக்கு வந்திருக்கும் பரீட்சை என்றான். எல்லாரும் இன்னும் இறுக்கமாகச் சுருண்டார்கள். அவர்களுடைய தாய் எப்போதோ சுருண்டாகிவிட்டது. முதல் இரைச்சலிலேயே சுருளாயி பந்தாகியிருந்தாள்.

உள்ளே இருட்டு. டொக், டொக், டொக்.

"அம்மா!"

அரும்பின் குரல்தான் அது, ஆற்றின் நடுவிலிருந்து வந்தது. சுருளாயி எழ நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை. வால் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. தியானம்தானே, வேண்டும்போது எழுந்துகொள்ளலாம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்? எழ முடியவில்லையே!

டொக், டொக், டொக். அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டாள். நாதமாவது ஒன்றாவது, அது அவளுடைய நெஞ்சு. இப்படி ஏன் அடித்துக்கொள்கிறது? நீ எதுக்குப் போறே மதினி என்று பூரணி கேட்டது நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை பதில் தானாக வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் சுருளாயி.

தன் வயிற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள், வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனால் சொன்னதும் வாலின் பிடி தளர்ந்தது. பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பயம் அப்படியேதான் இருந்தது, நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின. நடுங்குகிற காலாலும் நடக்க முடியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சரிவில் உருண்டும் புரண்டும் இறங்கினாள். மருதமரத்தின் வேர் ஒன்று கரையிலிருந்து ஆற்றுப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முன்கால் நகங்களால் அதைப் பற்றிக்கொண்டாள். அதற்குள் செம்மண் நுரையோடு வெள்ளம் வந்து மோதியது. மரக்கட்டை மிதந்தது, சுழன்றது, அரும்பை வைத்துக்கொண்டு கரையோரமாக அடித்துக்கொண்டு வந்தது.

இத்தனை காலம் தன் முகத்தை மூடவே பழகியிருந்த வாலை, சுருளாயி வெளியே நீட்டினாள். எட்டவில்லை. ஒரு காலை வேரிலிருந்து விட்டாள். ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு இன்னும் நீட்டினாள்.

"ஏறு கண்ணு."

வால் கிடைத்தால் அரும்பு விடுவாளா? தாவிப் பிடித்து ஏறிக்கொண்டாள். கட்டை அவர்களைத் தாண்டிப் போய்ப் பாறையில் மோதிச் சிதறியது. சுருளாயி வேரைப் பற்றி, மண்ணைப் பற்றி, நகம் நகமாக மேலே ஏறினாள். கரையில் சுருண்டு கிடந்தவர்களின் முதுகைத் தண்ணீர் தொட்டதும் அவர்களும் அலறி எழுந்து மேட்டுக்கு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் வயிரவன்தான்.

மேட்டில் போய்ச் சேர்ந்ததும் எல்லாரையும் எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. அப்பாடா என்று பூரணி கழுத்தை நீட்டி மூச்சு விட்டாள். வயிரவன் ஈரம் சொட்டச் சொட்ட மறுபடியும் ஆரம்பித்தான், எல்லாம் தாயின் தவ வலிமை என்று.

சுருளாயி அவனை நிறுத்தினாள்.

"தவமும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. நான் சுருண்டதெல்லாம் பயத்துலதான். அதை எனக்கே நான் சொல்லிக்காம இருந்துட்டேன்."

சிரிக்கப் போகிறார்கள் என்று சுருளாயி காத்திருந்தாள். முயல்தான் முதலில் வாயைத் திறந்தது. தனக்கும் எப்போதும் பயம்தான், வகுப்புக்கு வந்ததே தனியாக இருக்கப் பயந்துதான் என்றது. தன் முள்ளெல்லாம் கோபத்தில் நிற்பதாக ஊர் நினைக்கிறது, அதுவும் பயத்தில் நிற்பதுதான் என்றது முள்ளம்பன்றி. குரங்கு பயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் சுருள வேண்டாம் என்பது உறுதிதானா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பிடித்திருந்த கழுத்தை நீவிவிட்டது. அதன் பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். சுருளாயியும் சிரித்தாள். தாயாக, அம்மாவாக, தன்னை அறிந்தவளாக இனி ஒருவர் முன்னாலும் இருக்க வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

மழை விட்டு ஆறு வடிந்த பிறகு, ஒரு நாள் அரும்பு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அப்பா எங்கேம்மா?"

சுருளாயியின் நெஞ்சு டொக், டொக் என்றது. வால் நுனி தானாக மடங்கத் தொடங்கியது. சுருளாயி அதைப் பார்த்தாள்.

"தெரியலை கண்ணு. போனவர் திரும்பி வரலை. அதை நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு, அதான் இத்தனை நாளா உனக்குச் சொல்லலை."

அரும்பு அம்மாவை ஒட்டி நெருங்கி உட்கார்ந்தாள். எனக்கும்தான் என்றாள். பிறகு தனக்குப் பசிக்கிறது என்றாள். சுருளாயி வாலை நீட்டினாள், அரும்பு ஏறி உட்கார்ந்துகொண்டாள், இருவரும் புற்று தேடிப் புறப்பட்டார்கள். வழியில் ஓர் இருவாச்சி தலைக்கு மேலே சிறகடித்துப் போனது. இருவரும் சுருண்டார்கள். உடனே எழுந்து நடந்தார்கள்.

நீதி: பயத்துக்கு வேறு பெயர் சூட்டினால் அது நம்மைக் கட்டிப்போடும், பயம் என்றே ஒப்புக்கொண்டால் கட்டு தளரும்.