வெள்ளாவிக்குப் போன சாக்கு

விலங்குகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், அவற்றின் பேச்சை மனிதர்கள் பாதியாவது காதில் போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், ஆற்றங்கரையில் மாசானமும் அவன் மனைவி பேச்சியும் ஊருக்குத் துணி வெளுத்து வாழ்ந்தார்கள். அழுக்குத் துணியை உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவிப் பானையின் ஆவியில் அவித்து, கல்லில் அடித்துக் காயப்போட்டால் கொக்கு கூட வெட்கப்படும். அந்த வீட்டுக் காவல் செவலை என்ற பெண் நாய். நான்கு குட்டிகளோடு, மூலையில் கிடந்த ஒரு பழைய சாக்கில் படுத்திருந்தாள்.

அந்த வருஷம் வீடு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. மாசானத்தின் கணுக்கால் தடித்துச் சிவந்தது. தெள்ளுகளின் தலைவன் அவன் காதோரம் வந்து, தாங்கள் நாயின் அழுக்கிலிருந்து பிறப்பவர்கள் என்றும், நாய் போனால் தாங்களும் போய்விடுவோம் என்றும் பணிவாகச் சொன்னான். கடித்தவன் சொன்னதை மாசானம் அப்படியே நம்பினான். சொறிபவள் செவலைதானே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

செவலையை ஆற்றில் முக்கித் தேய்த்தான். இரண்டே நாளில் மறுபடியும் சொறிந்தாள். மூன்று முறை இப்படியே நடந்தது.

"கழுவினாலும் போகாத அழுக்குடி நீ. வெள்ளிக்கிழமை காலையில குட்டிகளோட ஆத்துக்கு அக்கரை போயிரு" என்றான்.

திண்ணமான உத்தரவு. அக்கரையில் நரிக்காடு. குட்டிகளோ இரத்தம் குறைந்து, ஈறு வெளுத்து, எழுந்து நிற்கவே தள்ளாடின. அங்கே ஒரு நாள் கூடத் தாங்காது என்று செவலைக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. செவலை அழவில்லை, காலைப் பிடிக்கவில்லை. வாசலின் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, பறிகொடுத்தவளையே திருடின்னு துரத்துறீங்க. போறேன். அதுக்கு முன்னால ஒரு பேன்சீப்பும் ஒரு ஈர வெள்ளைத் துணியும் கொடுங்க. விசாரிச்சுட்டுத் துரத்துங்க."

கயிற்றில் ஊர்த் தலைவரின் வேட்டி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பேச்சி அதை உருவிக் கீழே விரித்தாள். மாசானம் பதறினான். மறுபடி வெளுத்துக்கொள்ளலாம், வெளுக்கிற வீடுதானே என்று அவள் சொல்லிவிட்டாள்.

கழுத்தில் தொடங்கி வால்வரை பேச்சி வாரினாள். கருப்புப் பொடி வேட்டியில் உதிர்ந்தது. அந்த வீட்டுப் பூனை மதில்மேல் இருந்து சிரித்தது. மாசானமும் சிரித்தான்.

"மண்ணு. நான் சொன்னேன்ல?"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் செவலை.

ஈரம் ஏற ஏற ஒவ்வொரு பொடியும் ஓரத்தில் கசிந்தது. கருப்பு பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, வேட்டி முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள். பேச்சி குனிந்து ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஊரில் எவர் வீட்டுக் கறை எதனால் வந்தது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவள் அவள்.

"ஏய்யா, இது ரத்தக் கறை."

"என் ரத்தம்" என்றாள் செவலை. "தெள்ளுங்க குடிச்சுக் கழிச்சது. என் குட்டிங்க ஈறு ஏன் வெளுத்துச்சுன்னு இப்பத் தெரியுதா?"

மாசானம் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் குளிப்பாட்டிய பிறகும் அவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டான். செவலை இதற்காகத்தான் காத்திருந்தாள். தன் சாக்கைப் பல்லால் கவ்வி இழுத்து வந்து வேட்டியின் மறுபாதியில் உதறினாள். உப்புத்தூள் போல முட்டைகள் கொட்டின. நூல் துணுக்கு போலப் புழுக்கள் நெளிந்தன. நடுவில் தெள்ளுத் தலைவன் அகப்பட்டு விழித்தான்.

"மூணு தடவை நான் குளிச்சேன். இந்தச் சாக்கு ஒரு தடவையாவது குளிச்சுதா?"

ஊரின் அழுக்கையெல்லாம் அவித்த வீட்டில் ஒரு சாக்கு மட்டும் வெள்ளாவியைப் பார்த்ததே இல்லை. நாயின் சாக்குதானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேச்சி உதிர்ந்ததையெல்லாம் தலைவனோடு சாக்கில் அள்ளிச் சுருட்டி வெள்ளாவிப் பானையில் திணித்து மூடினாள். தலைவன் தாவினான், கெஞ்சினான், தான் விருந்தாளி என்றான். ஆவி பதில் சொன்னது. வீட்டு மூலை முடுக்கெல்லாம் பெருக்கி அந்தக் குப்பையை அடுப்பில் போட்டார்கள். மாசானமே குட்டிகளை மடியில் வைத்து வாரி, சீப்பை உவர்மண் கரைத்த நீரில் அலசி அலசித் தெள்ளுகளை மூழ்கடித்தான்.

பூனை மெல்ல நழுவியது. பேச்சி அதன் பிடரியைப் பிடித்தாள். "நான் சுத்தம்" என்று பூனை அவசரமாக உடம்பை நக்கிக் காட்டியது. ஒரு வாரு வாரியதும் வேட்டியில் இன்னும் பத்துச் சிவப்பு வட்டங்கள். சாட்சியை அழிக்க நக்கத் தொடங்கிய பூனை இன்றுவரை நிறுத்தவில்லை.

பிறகு வாரம் தவறாமல் சாக்கு வெள்ளாவிக்குப் போனது, சீப்பும் ஓயவில்லை. ஒரு மாதத்தில் குட்டிகளின் ஈறு சிவந்தது. அவை மாசானத்தின் வேட்டி நுனியைக் கடித்து இழுக்க, செவலை வாசலின் நடுவில் கால் நீட்டிப் படுத்தாள். யாரும் அவளைத் தாண்டவில்லை, சுற்றித்தான் போனார்கள்.

ஆனாலும் வெளுத்து வந்த சாக்கைக் கூட அவள் சும்மா நம்பவில்லை. மூன்று முறை சுற்றி வந்து, காலால் கிளறி, மோந்து பார்த்த பிறகே உடம்பைச் சாய்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை தொட்டுத்தான் எந்த நாயும் படுக்குமுன் சுற்றிச் சுற்றி வருகிறது. தன் படுக்கையை வெளுத்துத் தந்தார்களா என்று இன்னமும் விசாரித்துக்கொண்டே இருக்கிறது.