மூன்று நாள் பழைய செய்தி

ஒரு காட்டில் பள்ளத்து விலங்குகள் பட்ட கேடுகளை வரிசை தவறாமல் கேளுங்கள், குழந்தைகளே. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். முதலில், குட்டை வற்றித் தலைப்பிரட்டைகள் செத்தன. இரண்டாவது, வெள்ளத்தில் முயல் வளைகள் மூழ்கின. மூன்றாவது, குட்டை முன்னிலும் மோசமாகக் காய்ந்து வெடித்தது. நான்காவது, இன்னும் பெரிய வெள்ளம் முயலம்மாவின் இரண்டு குட்டிகளைக் கொண்டுபோனது. மிச்சம் ஒரே குட்டி.

மேட்டில் ஏரி. பள்ளத்துக் குட்டைக்குத் தண்ணீர் திறக்கவும் அடைக்கவும் அதன் மடைக்கல்லை உருட்டுவது யானையின் வேலை. பள்ளத்து நிலவரம் சொல்ல நாள்தோறும் காலையில் ஓர் ஆமை கிளம்பும். மேடேற மூன்று நாள் ஆகும். "ஆமைதான் பொய் சொல்லாது" என்று வேறு யாரையும் அனுப்பமாட்டார்கள்.

மறுபடி வறட்சி வந்தது. "தண்ணீர் இல்லை!" என்றது வந்த ஆமை. யானை கல்லில் துதிக்கையை வைத்தது.

மடையோரத்து நண்டு எட்டிப் பார்த்தது. "யானையண்ணே, ஒரு சாண் மட்டும் தள்ளுங்கள். நாளை பள்ளத்தில் கிளம்பும் ஆமை இங்கே வரும்வரை கல்லைத் தொடாதீர்கள்."

"பொடிப்பயலே, எனக்கே வேலை சொல்கிறாயா?"

"போன தடவை திறந்த அன்றே தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் வந்த ஆமைகள் 'இல்லை' என்றே சொல்லின. நீங்களும் திறந்துகொண்டே போனீர்கள். 'வெள்ளம்' என்றபோதும் அப்படித்தான் மூடிக்கொண்டே போனீர்கள்."

"ஆமை பொய் சொல்லாதே!"

"பொய் சொல்லவில்லை அண்ணே. அது கிளம்பும்போது இருந்ததைச் சொல்கிறது."

யானை ஒரு சாண் தள்ளியது. மறுநாள் வந்த ஆமை, "'இன்னுமா தூங்குகிறாய், தடித்தோலே' என்று முயலம்மா திட்டுகிறாள்" என்றது.

யானை மறுபடி கல்லில் துதிக்கையை வைத்தது.

"திட்டட்டும் அண்ணே," என்றது நண்டு. "அந்தத் திட்டும் மூன்று நாள் பழசு."

கல்லைத் தள்ளி நான்கு நாள் கழித்து வந்த ஆமை சொன்னது: "குட்டை பாதி நிறைந்திருக்கிறது." யானை இன்னும் அரைச் சாண் தள்ளிக் காத்திருந்தது. அதன்பிறகு குட்டை வற்றவுமில்லை, வழியவுமில்லை.

நன்றி சொல்ல எல்லோரும் தாமரைக்கிழங்கோடு மேடேறினார்கள். காட்டுத் தலைவர் நரி, நன்றி பெறுபவர் பெயர் எழுதிய ஓலையை விரித்தார். அதில் அவர் பெயரே இருந்தது; எப்போதும் அப்படித்தான். யானை ஓலையைப் பிடுங்கி, வேறு பெயர் எழுதி முயலம்மாவிடம் நீட்டியது.

முயலம்மா குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எல்லோரும் சாட்சியாகக் கேளுங்கள். என் பிள்ளை உயிரோடு இருப்பது இவரால்," என்று சொல்லி, ஓலையை உரக்க வாசித்தாள்: "மடையோர வளை, செங்காலி நண்டு."

நீதி: நம்மிடம் வந்து சேரும் உண்மையும் பழையதாக இருக்கலாம்; சிறிது செய்து, அதன் பலன் தெரியும்வரை பொறுத்திரு.