மூலையில நின்ன மந்திரி

கண்ண மூடிக்கிட்டுக் கேளு. "ம்" மட்டும் சொன்னாப் போதும்.

ஒரு ஊர்ல ஒரு அம்மாவுக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ செண்பகவல்லி, இளையவ ஆவுடை. ரெண்டும் செஸ்ஸுல புலி. மாவட்டப் போட்டியில, கடைசி ஆட்டத்துல, அக்காவும் தங்கச்சியுமே எதிரெதிரா உக்காந்தாங்க. ஜெயிக்கறவ மாநிலப் போட்டிக்குப் போவா. டிரா ஆச்சுன்னா ஆளுக்கு அரைப் புள்ளிதான். ரெண்டு பேரையும் முந்திக்கிட்டு வெளியூர்க்காரி ஒருத்தி போயிடுவா.

இது செண்பகவல்லிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. ஆவுடையோ, அம்மா பேச்சத் தாண்டாதவ.

ம் சொல்லு.

அப்போ செண்பகவல்லிக்கு வெள்ளைக் காய். ஓரத்துக்கு அடுத்த சிப்பாய ஒரு கட்டம் நகத்தி, அந்த இடத்துல மந்திரியக் கொண்டு வச்சா, டொக். அங்கேர்ந்து சாய்வாப் பாத்தா எதிர் மூலையில ஆவுடையோட யானை. நடுவுல ஆவுடையோட குதிரை மறிச்சு நின்னுச்சு.

வேடிக்கை பாக்கறவங்களுக்குக் கட்டியிருந்த கயித்துக்கு அந்தப் பக்கம் நின்ன அம்மா ரெண்டு கையையும் தராசு மாதிரி காட்டினா, சமமா முடிங்கடின்னு.

"டிராவா?"ன்னா ஆவுடை.

"இல்ல."

அதுக்கு மேல பேசினா நடுவர் முறைப்பாரு. எப்படி வெளக்கறது? செண்பகவல்லிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அப்புறம் அம்மா சோத்துத் தூக்குவாளியத் தூக்கிக் காட்டினா, பசிக்குதுன்னு.

"டிராவா?"

"இல்லடி."

கடியாரம் டிக்கு டிக்குங்குது. அப்புறம் அம்மா முந்தானையால கண்ணத் தொடச்சா பாரு, ஆவுடைக்குப் பொறுக்கல.

"அக்கா, டிரா."

"இல்ல, இல்ல, இல்ல."

அம்மாவையே பாத்துக்கிட்டு ஆவுடை அந்த மறிச்சு நின்ன குதிரையத் தொட்டுட்டா. தொட்டா நகத்தியே ஆகணும். நகத்தினா. செண்பகவல்லிக்கு மனசு வலிச்சுது. ஆனாலும் மந்திரி சர்ர்ருன்னு போயி யானையத் தூக்கிடுச்சு. அப்புறம் என்ன, கொஞ்ச நேரத்துல ஆவுடை தோத்துட்டேன்னு கை குடுத்துட்டா.

ம்?

பஸ்ஸுல அம்மா பொரிஞ்சு தள்ளினா. "தங்கச்சிக்கு விட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

செண்பகவல்லி அரைப் புள்ளிக் கணக்க ஆதியோடந்தமாச் சொன்னா.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"ன்னா அம்மா. செண்பகவல்லி தலையில அடிச்சுக்கிட்டா.

அதுவரைக்கும் ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்த ஆவுடை மெதுவாத் திரும்பினா. மூக்கு செவந்திருந்துச்சு. "என்னையே தோக்கடிச்சிட்ட இல்ல? இனிமே எவகிட்டயாவது தோத்துட்டு வந்து பாரு"ன்னா.

காயெல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சு, கதையும் போயாச்சு. நீயும் போர்வைக்குள்ள போ.