முனியப்பன் மடியில் விழுந்த பந்து

எங்கள் மலையடிவாரத்து ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. அங்கே ஆட வரும் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து பின்னால் நடந்தவர் குழந்தைவேலனார். பதினாறாம் குழிக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே, வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார் முனியப்பன். அவருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் குழந்தைவேலனார் வேலைக்குப் போனதில்லை. ஓங்கிய வாளும் உருட்டிய விழியுமாக இருக்கும் அந்தச் சாமியின் முன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் பொய் சொல்லமாட்டோம். சொல்லவேண்டி வந்தால் வேறு கோயிலுக்குப் போவோம்.

பை சுமந்தபடியே ஆட்டத்தையும் கற்றுக்கொண்டவர், இருபத்தேழாம் வயதில் தகுதிப் போட்டியில் தேறித் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பந்தைக் குழிக்குள் தள்ளுவது ஒரு தொழிலா என்று அவர் மனைவி மயிலாத்தாளைக் குழாயடியில் எத்தனையோ முறை விசாரித்திருக்கிறோம். அந்த அம்மாளும் சலிக்காமல் விளக்கினார். பதினான்கு ஆண்டுகள் குழந்தைவேலனார் ஊர் ஊராக ரயிலேறிப் போய் ஆடினார். ஒரு கோப்பையும் வீட்டுக்கு வரவில்லை. தோற்றுத் திரும்பும்போதெல்லாம் நேரே முனியப்பனிடம் போய், "நேர்மையா ஆட வெச்சீங்க, அது போதுஞ்சாமி" என்பார். தோற்றவர் வேறென்ன சொல்வார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தம் பந்தில் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும்; அடிக்கும் முன் அது தம் பந்துதானா என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வேறு பந்தை அடித்தாலும், பந்து வேலியைத் தாண்டினாலும் தண்டனையாக அடிக் கணக்கு கூடும்; குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி. குழந்தைவேலனாரின் அடையாளம் ஒரு சிவப்புப் பொட்டு. முனியப்பன் நெற்றியில் இருப்பது போல.

நாற்பத்தோராம் வயதில், சொந்த ஊர் மைதானத்தில் நடந்த போட்டியில், கடைசி நாள் அவரே முன்னணியில் இருந்தார். பதினாறாம் குழியில் அவர் அடித்த பந்து வளைந்து வேலிப்பக்கம் பறந்தது. எங்கோ கல்லில் பட்ட சத்தம் அவர் காதில் விழுந்தது. கூட ஆடியவர்கள் எதிர்ப்புறம் தங்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்ப் பார்த்தபோது, வேலிக்கு உள்ளே புல்லில் ஒரு பந்து கிடந்தது. அதே கம்பெனி, பந்தில் அச்சிட்ட எண்ணும் அதே மூன்று. பொட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் இருக்கலாம். அவர் புரட்டிப் பார்க்கவில்லை. அடித்தார், ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கோப்பை கைக்கு வந்தது. பேக்கரி பழனியப்பன் அவர் படம் போட்டு பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்தார். தேங்காய் பழத்தோடு முனியப்பனிடம் போன குழந்தைவேலனார் அப்படியே நின்றுவிட்டார். சாமியின் மடியில் ஒரு வெள்ளைப் பந்து. அதில் சிவப்புப் பொட்டு, அவரைப் பார்த்தபடி.

தேங்காயை உடைக்காமலே மைதானத்துக்குத் திரும்பி நடந்தார். போட்டியின் நடுவர் தயானந்திடம் சொன்னார். நடுவர் நல்லவர், அவர் மெதுவாக விளக்கினார்:

"முடிவு அறிவிச்சாச்சு, குழந்தைவேல். உங்களுக்குத் தெரியாம வேற பந்தை ஆடியிருந்தா, இனி அதை மாத்த விதியில இடமில்லை. கோப்பை உங்களுக்குத்தான். தெரிஞ்சிருந்தா மட்டும்தான் தகுதி போகும். அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். அது பொய்யென்றும் யாரும் நிரூபிக்க முடியாது.

"சத்தம் கேட்டுச்சுங்க" என்றார் குழந்தைவேலனார், தலையைக் குனிந்தபடி. "தெரிஞ்சிருமோன்னுதான் புரட்டிப் பாக்கலீங்க."

கோப்பை போயிற்று. ஓராண்டுக்கு ஆடத் தடை வந்தது. பிளெக்ஸை இறக்கிய பழனியப்பன் அதையே அடுப்படிச் சாரலுக்கு மறைப்பாகக் கட்டினார். குழந்தைவேலனார் அவர் கடைக்குப் போனால், "அண்ணா, இந்த பன்னு உங்களுதுதானுங்களா? புரட்டிப் பாத்து எடுத்துக்கோங்க" என்பார். கடையே சிரிக்கும். நாங்களும் சிரித்தோம், மறைப்பதற்கில்லை. குழந்தைவேலனார் பன்னை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் போவார்.

"தெரியலீன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பேச்சு உண்டுங்களா?" என்று மயிலாத்தாள் ஒருநாள் கேட்டது அடுத்த வீடு வரை கேட்டது.

"ஊரு சிரிக்கிறது பெருசில்ல மயிலாத்தா. சாமி சிரிக்காம உக்காந்திருக்குது பாரு, அதுதான் தாங்கல."

மறுபடியும் பை சுமக்கப் போனார். சாமிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை. மடியிலிருந்த பந்தை நாச்சிமுத்துப் பூசாரி எடுக்க மறுத்துவிட்டார். சாமி மடிக்கு வந்ததைச் சாமியே கொடுத்தால்தான் உண்டு என்பது அவர் பிடிவாதம். ஆகவே நாள்தோறும் அந்தப் பொட்டைப் பார்த்துக் கூசியபடிதான் குழந்தைவேலனார் பாதத்தைக் கழுவினார். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஏழு மாதம் கழித்து முனியப்பன் பொங்கல் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் நின்றார்கள்; பழனியப்பன் பட்டு வேட்டியில் இருந்தார். குழந்தைவேலனார் செருப்புகள் கிடந்த இடத்தில், எல்லாருக்கும் பின்னால் நின்றார். பூசாரி எண்ணெய்க் காப்புச் சாத்தும்போது, பந்து மடியிலிருந்து நழுவியது. படியில் குதித்தது. பெரியவர்களின் கால்களைக் கடந்தது. ஒதுங்கிய கூட்டத்தின் நடுவே உருண்டு வந்து, அவர் பெருவிரலில் முட்டி நின்றது.

எண்ணெய் வழுக்கியது என்று சிலர் சொல்கிறார்கள். ஏழு மாதமாக எண்ணெயிலேயே ஊறிய பந்துக்கு அன்றைக்குத்தானா வழுக்கத் தெரிந்தது?

"கொடுத்துட்டாருப்பா, எடுத்துக்கோ" என்றார் பூசாரி.

குழந்தைவேலனார் குனிந்து எடுத்தார். எல்லாரும் பார்த்திருக்க, மெல்லப் புரட்டிப் பார்த்தார். பொட்டு இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து சாமியின் முகத்தைப் பார்த்தார்.

பழனியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொருவராக நாங்களும் குனிந்துகொண்டோம். புரட்டிப் பார்க்காமல் விட்டது எங்களிடமும் ஏதோ ஒன்று இருக்கத்தானே செய்யும். இப்போதெல்லாம் அவர் பை சுமந்து தெருவில் போகும்போது பேச்சை நிறுத்திவிடுகிறோம். எங்கள் தெரு பேச்சை நிறுத்துவது லேசில்லை. அதைத்தான் அந்த அடியாரின் பாதத்தில் வைக்கிறோம்.