சுமைதாங்கிக்கு விட்ட வழி

“தாயே, செத்தவளுக்குக் கல்லு இருக்கு. உசிரோட இருக்கிறவளுக்கு வீடு இல்லை. இது என்ன நியாயம்?”

வந்ததும் வராததுமாகக் காத்தமுத்து இப்படித்தான் கேட்டார்.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலையடிவாரத்தில் குடிசை போட்டுத் துறவியாகத் தனியே இருப்பவள். வயதில் காத்தமுத்துவைவிடச் சின்னவள்தான். ஆனாலும் மனசு கலங்கினால் அவர் அவளிடம்தான் வருவார், தாயே என்றுதான் கூப்பிடுவார். அவளும் அவரை அப்பா என்பாள்.

“உக்காருங்கப்பா. யாருக்கு வீடு இல்லை?”

“என் மக பூவாயிக்கு.”

ஐப்பசி மழையில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு வந்து கீழத்தெருவையே வாரிக்கொண்டு போய்விட்டது. சாமி புண்ணியத்தில் யாருக்கும் உயிருக்குச் சேதமில்லை. ஆனால் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. குடும்பங்களெல்லாம் களத்துக் கொட்டகையிலும் மாட்டுக் கொட்டிலிலும் கிடந்தன.

ஊர் கூடிப் பேசியது. மேட்டு நிலத்தில் புதுத்தெரு போட்டுக்கொள்ளுங்கள் என்றது. காத்தமுத்து கொத்தனார் என்பதால், முளை அடித்துக் கயிறு கட்டி மனை பிரிக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது.

அந்த மேட்டின் நடுவில்தான் பழைய நாலுகால் மண்டபம் இருந்தது. அதன் எதிரே சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். ஆள் உயரம். காட்டிலிருந்து விறகோ புல்லுக்கட்டோ சுமந்து வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்துவிட்டு, மண்டப நிழலில் உட்கார்ந்து எழுந்து போவார்கள்.

“தெரு நேரா வந்தா கல்லு நிக்கிற இடந்தான் பூவாயி மனை. சீட்டுக் குலுக்கினதுல அவளுக்கு அதுதான் விழுந்துச்சு. மேற்கே பாறை, கிழக்கே பள்ளம். வேற இடம் கிடையாது. வாயும் வயிறுமா மாட்டோட மாடா படுத்திருக்கா தாயே.”

“அந்தக் கல்லை யாரு வச்சது?”

“யாரு கண்டா? புள்ளை வயித்துல இருக்கையிலேயே ஒருத்தி போய்ச் சேர்ந்திருக்கா. இறக்கி வைக்காத சுமையோட போயிட்டாளேன்னு அவ பேர்ல நட்ட கல்லு. போறவங்க வர்றவங்க அதுல பாரத்தை இறக்கினா அவளுக்குப் பாரம் குறையும்னு சொல்லுவாங்க. பேருகூட வெட்டியிருக்காங்க. எழுத்து தேஞ்சுபோச்சு.”

“சரி. இடிச்சிருங்க.”

காத்தமுத்து திடுக்கிட்டார்.

“இடிக்கவா?”

“நியாயந்தானே கேட்டீங்க? வீட்டுல கடப்பாரை இருக்கா?”

“இருக்கு.”

“பிறகென்ன?”

கீரையை வாரிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

காத்தமுத்து கடப்பாரையோடு மேட்டுக்குப் போனார்.

மேல்கல் வழவழவென்று இருந்தது. எத்தனை காலத்துச் சுமை தேய்த்த வழவழப்போ! கையை வைத்தார். வெயிலில் கிடந்த கல், உடம்புச் சூடு போலச் சுட்டது.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. மளமளவென்று முளைக்குச்சிகளைப் பிடுங்கி மாற்றி அடித்தார். பூவாயி மனையை ஒருபக்கம் ஒடுக்கினார். மண்டபத்தையும் கல்லையும் அவள் பின்சுவர் வருகிற இடத்துக்கும் அடுத்த வரிசை மனைகளுக்கும் இடையில் விட்டார். சுற்றிலும் கயிறு கட்டினார்.

கல்லில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. மகளுக்கும் மனை கிடைத்துவிட்டது.

“மூளைன்னா காத்தமுத்து மூளைதாண்டி!” என்றார்கள் தெருக்காரர்கள். அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரம். எல்லாரும் அவரவர் மனையில் நின்று, அடுப்பு இங்கே வரும், வாசல் அங்கே வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

காட்டுப் பக்கமிருந்து சாமியம்மா வந்தாள். தலையில் பெரிய விறகுக்கட்டு.

வழக்கமான தடத்தில் நேராக நடந்து வந்தவள், கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் நாலு எட்டில் சுமைதாங்கி.

“குனிஞ்சு வாங்க தாயே” என்றார் காத்தமுத்து.

“தலையில சுமை இருக்கேப்பா. குனிஞ்சா சரிஞ்சிருமே.”

“அப்ப சுத்தி வாங்க.”

அவள் மறுபேச்சுப் பேசாமல் சுற்றிப் போனாள். அங்கேயும் கயிறு. பின்பக்கம் போனாள். அங்கேயும் கயிறு. திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றாள். நெற்றி வேர்வை மூக்கில் இறங்கிச் சொட்டியது.

“சாமியம்மா, சித்து வேலை தெரியாதா? ஒரே பறப்பாப் பறந்து வந்துருங்க!” என்றாள் மாடத்தி. புதுத்தெருவில் அவளுக்கு முதல் மனை. வாயும் அவளுக்குத்தான் முதல்.

எல்லாரும் சிரித்தார்கள். சாமியம்மாவும் சிரித்தாள். கட்டு ஆடியது. சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“குடுங்க தாயே, நான் இறக்கி விடுறேன்” என்று காத்தமுத்து ஓடி வந்தார்.

“நீங்க நிக்கிற நாளைக்குச் சரி.”

“என்ன தாயே?”

“நீங்க நிக்காத நாளைக்கு?”

அவர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

கயிற்றைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் சுவர் நிற்கும். தானே கட்டப்போகிற சுவர். ஒற்றை ஆளாய்ச் சுமந்து வருகிறவள் இந்தப் பக்கம் நிற்பாள். கல் அந்தப் பக்கம் நிற்கும்.

கொட்டில் வாசலில் பூவாயி நிற்பதும் தெரிந்தது. ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மகளைப் பார்க்காமல் முளையைப் பிடுங்கினார். ஒன்று, இன்னொன்று, அப்புறம் மற்றதெல்லாம். தடத்துக்கு வழி விட்டார். மண்டபத்தைச் சுற்றி, கல்லைச் சுற்றி, தலைச்சுமையோடு ஒரு ஆள் தாராளமாகத் திரும்புகிற அளவுக்கு விட்டார்.

சாமியம்மா நடந்து வந்து கல்லில் கட்டைத் தள்ளி வைத்தாள். கழுத்தை நீவிக்கொண்டு மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“அண்ணே, நீங்க அவிழ்த்தது பூவாயி மனையில்லா?” என்றாள் மாடத்தி.

“ஆமா.”

“பிறகு அவ எங்க இருப்பா?”

காத்தமுத்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டினதையே மறுபடியும் பிரித்துச் சுருட்டினார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுசன்.

“கேக்கிறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“வேற இடம் இல்லையே மாடத்தி. நான் என்ன செய்ய?”

மாடத்தி தன் மனையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் வேறு எங்கோ பார்த்தான்.

“நம்ம வீடு ஒரு முழம் குறைஞ்சா கோழி கோவிச்சுக்குமா?”

“கோழிக்கென்ன, நீ கோவிக்காம இருந்தாச் சரி” என்றான் அவன்.

அவளே முளையைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி அடித்தாள். அடித்துவிட்டு, அடுத்த மனைக்காரியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

“ஏய், என்ன பாத்துக்கிட்டே நிக்கே? நகட்டுடி!”

அடுத்தவளும் நகர்த்தினாள். ஆளுக்கு ஒரு முழம். முகம் சுளித்தவர்களும் உண்டு. ஒருத்தர் அரை முழம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். ஆனாலும் தெரு ஒருக்களித்துப் படுத்து இடம் விடுகிற மாதிரி, வரிசையே கொஞ்சம் கொஞ்சமாய் நெருங்கிக் கொடுத்தது. கடைசியில் பாறை ஓரமாக ஒரு மனை திறந்தது.

காத்தமுத்து அங்கே போய் நான்கு மூலைக்கும் முளை அடித்தார். சுத்தியல் குறி தவறித் தவறி விழுந்தது. கண் மறைத்தால் என்ன செய்வார், பாவம்.

பூவாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூரைகூட வேயாத வெறும் மண்தான், ஆனாலும் தன் மண்ணாயிற்றே. கொட்டிலில் இருந்த சட்டிபானை ஏனங்களை ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

“இரு தாயி, நான் வாங்கிக்கிறேன்!” என்று காத்தமுத்து அங்கிருந்து கத்தினார்.

அவர் வந்து சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. தடத்தில் நின்றாள். பக்கத்தில் யாருமில்லை. ஒரு எட்டு நகர்ந்து, மூட்டையை அப்படியே கல்லின் மேல் தள்ளி வைத்தாள்.

“அப்பாடா!”

முதுகை நிமிர்த்தினாள். வயிற்றில் ஒரு கையும் கல்லில் ஒரு கையுமாய்க் கொஞ்ச நேரம் நின்றாள். தேய்ந்துபோன எழுத்து விரலில் தட்டுப்பட்டது போல. தடவிப் பார்த்தாள்.

“யாரு பெத்த மகளோ” என்றாள். “நல்லாயிரு தாயி.”

ஓடி வந்த காத்தமுத்து பாதியிலேயே நின்றுவிட்டார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது, உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது. மண்டபத்திலிருந்து இறங்கி, விறகை எடுக்க வந்த சாமியம்மாவின் முன்னால் போய் நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் காலில் விழக் குனிந்தார்.

சாமியம்மா ஒரு எட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

குனிந்தவருக்கு எதிரே இப்போது கல்தான் நின்றது.