நெல்லி அருவியில் புதுத்தண்ணி

உடங்காட்டில் மாசானம் என்று ஒரு குள்ளநரி இருந்தது. நண்டும் இலந்தைப் பழமும் கிடைத்தால் போதும், வேறெதற்கும் ஆசைப்படாது. முயல்கூடப் பயமில்லாமல் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கும். அவ்வளவு நல்ல நரி. ஆனால் வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

போன ஆண்டு ஆனி மாதம், மேற்கு மலையில் நெல்லி அருவி என்று ஒன்று விழுவதாக ஒரு கொண்டைக்குருவி சொன்னது. சாரல் பிடித்தால் விழும், சாரல் நின்றால் நின்றுவிடும் என்றது. மாசானம் கேட்டதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அன்று சாயங்காலமே குட்டைக்கரையில் நின்றுகொண்டு, தானே நெல்லி அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்ததாக அளந்துவிட்டது.

சொல்லச் சொல்ல அருவி வளர்ந்தது. ஆடியில் ஒரு பனை உயரம் இருந்தது, தை மாதத்தில் மூன்று பனை உயரம் ஆகிவிட்டது. அருவியே விழாத மாதத்தில் அது அப்படி வளர்ந்ததுதான் விசேஷம்.

இந்த ஆண்டும் ஆனி வந்தது. உடங்காட்டில் ஒரு சொட்டு மழை இல்லை. காற்றுதான் புழுதியை வாரி வாரி முகத்தில் அடித்தது. குட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது. மேற்கே மலைமேல் மட்டும் மேகம் கூடி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்த மயில் வைகுண்டத்துக்கு ஆசை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்த அருவியை எங்களுக்கும் ஒரு நாள் காட்டும். காலையில போயிட்டுச் சாயந்தரம் திரும்பிரலாம்லா" என்றது மயில்.

மாசானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலில் வலி என்று சொல்லிப் பார்த்தது. வழி தூரம் என்றும் சொல்லிப் பார்த்தது. உடும்பு உலகம்மாள் விடவில்லை. தன்னைவிட மெதுவாகவா நரி நடந்துவிடப் போகிறது, எல்லாரும் சேர்ந்து மெல்லப் போகலாம் என்று சொல்லிவிட்டது. இனி மறுத்தால் ஒரு வருஷத்துப் பேச்சும் பொய்யாகிவிடும். மாசானம் சரி என்றது.

முயல் வெயிலுமுத்துவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். பிறந்ததிலிருந்து கணுக்காலுக்கு மேல் அது நனைந்ததில்லை. இருந்தாலும் மாசானம் ஒரு வருஷமாகச் சொன்ன கதையை அது ஒன்று விடாமல் கேட்டிருந்தது. அதற்கும் பார்க்க ஆசை.

"நீரு என் பக்கத்துலயே இருப்பீருன்னா வாரேன்" என்றது முயல்.

"வேற எங்க போகப் போறேன்? உம்ம பக்கத்துலயேதான் இருப்பேன்" என்றது நரி.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினார்கள். வழியெல்லாம் வைகுண்டம் தன் தோகை முள்ளில் மாட்டுகிறது என்று புலம்பிக்கொண்டே வந்தது. உலகம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்தது. மலை நெருங்க நெருங்கக் காற்று குளிர்ந்தது. பிறகு பன்னீர் தெளிப்பதுபோல் சாரல் விழுந்தது. வெயிலுமுத்து மூக்கை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அதற்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு திருப்பத்தில் திரும்பியதும் அருவி எதிரே நின்றது.

மாசானத்துக்கு வாய் பிளந்துவிட்டது. அது அளந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பாறையின் தலையிலிருந்து வெள்ளை வெளேரென்று விழுந்த தண்ணீர், பாதியில் உடைந்து, புகையாகி, கீழே ஒரு தடாகத்தில் கொட்டியது. வியந்து நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நரி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"பரவாயில்ல. போன வருஷம் இதைவிட ஜாஸ்தியா விழுந்துச்சு" என்றது.

அருவியடியில் ஒரே கூட்டம். மிளா மான்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கருமந்திகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. மலையணில் ஒன்று ஈர வாலைப் பிழிந்து பிழிந்து உதறியது. எல்லாம் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவை. கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த நால்வர் மட்டுமே.

தடாகத்தின் கரையில் பொதிகாசலம் என்று ஒரு நீர்நாய் இருந்தது. புதிதாக வருபவர்களுக்கு இடம் காட்டுவதை அது தன் வேலையாக வைத்திருந்தது. யாரும் கொடுத்த வேலை இல்லை. வருடத்துக்கு ஒருவராவது தடாகத்தில் விழுவதும், அவரைத் தூக்குவது அதன் தலையிலேயே விடிவதுமாக இருந்ததால் வந்த பழக்கம். அது நால்வரையும் கூப்பிட்டு, பாசி பிடித்த பாறை எது, ஆழம் எங்கே என்றெல்லாம் காட்டியது. பிறகு மேலே ஒரு மரத்தைக் காட்டியது. அதன் உச்சிக் கொம்பில் ஒரு கருமந்தி குந்தியிருந்தது.

"இங்க முக்கியமானது ஒண்ணுதான். மேல இருந்து அவன் 'புதுத்தண்ணி'ன்னு சத்தம் போட்டான்னா..." என்று நீர்நாய் ஆரம்பித்தது.

"அதெல்லாம் தெரியும்வே" என்று மாசானம் குறுக்கே விழுந்தது. "புதுத்தண்ணின்னா என்னன்னு எங்களுக்கா சொல்லித் தாரீரு? நான் போன வருஷமே வந்தவனாக்கும்."

இதில் பாதி பொய், பாதி மெய். வந்தது பொய். புதுத்தண்ணி என்ற சொல் தெரியும் என்பது மெய். உடங்காட்டில் அந்தச் சொல் தெரியாத பூச்சி புழு கிடையாது. ஐப்பசியில் ஓடை வழியாகக் குட்டைக்கு முதல் வெள்ளம் வரும். செக்கச் செவேலென்று நுரைத்து, சருகையும் சுள்ளியையும் தள்ளிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வரும். ஆழம் கணுக்கால் அளவுதான். முதலில் பார்ப்பவர் "புதுத்தண்ணி" என்று கூவ வேண்டும். கூவியதும் எல்லாரும் விழுந்தடித்து ஓடி, வரும் தண்ணீருக்கு நேர் எதிரே போய் நிற்க வேண்டும். முதல் தண்ணீரில் கால் நனைப்பது அங்கே பெரிய விஷயம். பிந்தி வந்தவர்களை அந்த மழைக்காலம் முழுக்கக் கேலி செய்வார்கள்.

தெரியும் என்றவரிடம் மேலே என்ன சொல்வது? தெரிந்தால் சரி என்று நீர்நாய் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

வெயிலுமுத்து மட்டும் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தது.

"அண்ணாச்சி, நம்ம குட்டை காஞ்சு கிடக்கும். அதனால புதுத்தண்ணி வரும். இங்கதான் ஏற்கெனவே இம்புட்டுத் தண்ணி கிடக்கே, புதுசா எதுக்கு வரணும்? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

நல்ல கேள்வி. மாசானத்துக்கும் பதில் தெரியாது. ஆனால் போன வருஷமே வந்தவன் எப்படிக் கேட்பான்? "கேட்டு என் மானத்தை வாங்காதேயும். பழசு போனாப் புதுசு வரத்தானே செய்யும்" என்று அடக்கிவிட்டது. முயலும் அதை நம்பியது.

பிறகு குளியல். வைகுண்டம் தோகை கெடாமல் குளிக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் தோகையை மறந்துவிட்டு நனைந்தது. உலகம்மாள் அருவிக்கு நேர் கீழே ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியது. வெயிலுமுத்து கரையோரக் கல்லில் உட்கார்ந்து நான்கு காலையும் ஒவ்வொன்றாக நனைத்தது. மாசானமும் குளித்தது. ஆனால் போன வருஷமே வந்தவன் மாதிரி குளிக்க வேண்டியிருந்ததால், மனம்விட்டுக் குளிக்க முடியவில்லை.

உச்சி வேளை தாண்டியதும் சாரல் நின்றது. வெயில்கூட அடித்தது. மலையின் தலையில் மட்டும் மேகம் கறுத்துக் கிடந்தது. அங்கே பெய்த மழை கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போது மரத்து உச்சியிலிருந்து கருமந்தி கத்தியது.

"புதுத்தண்ணி! புதுத்தண்ணி!"

மலையாட்கள் ஒரு நொடியில் கரையேறத் தொடங்கினார்கள். கீழ்நாட்டு ஆட்கள் அதே நொடியில் அருவியை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடந்தன. ஒரு மிளா தாண்டும்போது என்னவோ சொன்னது. அருவி இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

மாசானம்தான் முதலில் ஓடியது. மேலே பார்த்தது. வெள்ளைத் தண்ணீரின் நடுவே சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. சருகு விழுந்தது. சுள்ளி விழுந்தது. அப்படியே உடங்காட்டு ஐப்பசி! இத்தனை நாள் வாய்க்கு வந்ததை அளந்தோமே, கடைசியில் எல்லாம் நிஜமாகிவிட்டதே என்று நரிக்கு மனம் நிறைந்துவிட்டது. கடந்துபோன மிளாவின் கண் மிரண்டிருந்ததையும் அது பார்க்கத்தான் செய்தது. எதற்கு ஓடுகிறீர்கள் என்று கேட்க நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கை அடக்கிக்கொண்டு, கரையில் தயங்கி நின்ற முயலைக் கூப்பிட்டது.

"வாரும்வே, முதல் தண்ணி! நான்தான் இருக்கேன்லா!"

வெயிலுமுத்து வந்தது. கூப்பிட்டது மாசானம் என்பதற்காகவே வந்தது.

அடுத்து வந்தது கணுக்கால் தண்ணீர் இல்லை. மலையே சரிந்தாற்போல் மண்ணும் மரமும் கல்லுமாக இறங்கியது. வைகுண்டம் அலறிக்கொண்டு பறந்தது. பாதித் தோகை தண்ணீரோடு போயிற்று. உலகம்மாள் பாறையை இறுகப் பற்றியது. உடும்புப் பிடியை எந்த வெள்ளம் பிரிக்கும்? புரண்டு வந்த மாசானத்தின் வாயில் உலகம்மாளின் வால் அகப்பட்டது. நரி அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது வெயிலுமுத்து தடாகத்தின் நடுவே சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு காது மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு காது. மாசானம் வாலை விடவில்லை. விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று பின்னால் எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஒருமுறைகூட அது மனத்தில் ஒட்டவில்லை.

முயலைக் காப்பாற்றியது பொதிகாசலம்தான். கரையேறியிருந்த நீர்நாய் திரும்பிப் பார்த்து, ஒரே பாய்ச்சலாக உள்ளே விழுந்து, முயலின் பிடரியைக் கவ்விக்கொண்டு, வெகுதூரம் கீழே ஒரு தாழம்புதரின் வேரோரம் ஒதுங்கியது. முயல் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. உயிர் இருந்தது. பின்னங்கால் ஒன்று கல்லில் சிக்கி முறிந்திருந்தது.

வெள்ளம் கொஞ்சம் அடங்கியதும் மற்ற மூவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். நீர்நாய்க்கு மூச்சு வாங்கியது. அது மாசானத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"புதுத்தண்ணின்னா தெரியும்னீரே" என்றது.

"எங்க ஊர்ல புதுத்தண்ணின்னா ஓடிப்போய் முன்னால நிப்போம்" என்றது நரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க ஊர்ல கரையேறி ஓடுவோம். ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்துச்சு. அதை என்னைச் சொல்ல விட்டிருக்கலாம்."

அப்போது தாழம்புதர் நிழலில் கிடந்த வெயிலுமுத்து தலையைத் தூக்கியது. அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"அண்ணாச்சி, போன வருஷமும் இப்படித்தான் வந்துச்சா?"

வைகுண்டம் நரியைப் பார்த்தது. உலகம்மாளும் பார்த்தது. ஆமாம் என்றால் தெரிந்தே கூப்பிட்டதாக ஆகும். இல்லை என்றால், வந்ததாகச் சொன்ன பொய்யின் மேல் இன்னொரு பொய். மாசானம் எத்தனையோ கதை அளந்திருக்கிறது. இப்போது முன்னங்காலால் ஈர மண்ணைக் கீறிக்கொண்டு நின்றது. அது முன்பு அருவிக்கு வந்ததே இல்லை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

முயலை உடும்பின் முதுகில் ஏற்றி, காட்டுக்கொடி ஒன்றால் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். மாசானம் தான் சுமப்பதாகச் சொல்லிப் பார்த்தது. முயலே வேண்டாம் என்றுவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் உடங்காட்டு எல்லைக்கு வந்தபோது, ஓடைப் பக்கம் வழி இரண்டாகப் பிரிந்தது. காற்று புழுதியைக் கிளப்பி அடித்ததில் எது எந்த வழி என்றே தெரியவில்லை. மாசானம் அன்றாடம் நண்டு பிடிக்கப் போகிற வழி அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடம் தப்பாது.

"இடது கைப் பக்கம்" என்றது மாசானம்.

ஒருவரும் நகரவில்லை. வைகுண்டம் புழுதியைப் பார்த்தது. உலகம்மாள் பக்கத்து உடைமரத்தை அண்ணாந்து பார்த்தது. கொம்பில் ஒரு காகம் இருந்தது. முன்பின் பழக்கம் இல்லாத காகம்.

"ஐயா, குட்டைக்கரைக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று உலகம்மாள் கேட்டது.

"இடது கைப் பக்கம்" என்றது காகம்.

உலகம்மாள் காகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தது. மயிலும் பின்னால் போயிற்று. உடும்பின் முதுகிலிருந்து வெயிலுமுத்து ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திரும்பிக்கொண்டது. மாசானம் எல்லாருக்கும் கடைசியில், புழுதியைத் தின்றுகொண்டு தன் சொந்த வழியில் நடந்தது.

தெரியாததைத் தெரியும் என்று சாதிப்பவன், பிறகு தெரிந்ததையே சொன்னாலும் அவன் சொல்லை நம்பி ஒருவரும் அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.